நினைத்ததெல்லாம் முடித்துவிட்டேன், சொந்த வீட்டில் விருந்தாளியாக இருக்கிறேன்!

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த நீளமான கடிதத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 44. ஐ.டி.ஐ எலக்ட்ரீசியன் படித்துவிட்டு 2006-ல் அபுதாபி போனவர். முதல் இரண்டு வருடம் ஒரு கம்பெனி, 2008-லிருந்து இப்போது இருக்கும் கம்பெனி. இன்று எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன், கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். மொத்தச் சம்பளம் 4,500 திர்ஹாம், அதில் அடிப்படைச் சம்பளம் 2,700. போன புதிதில் கம்பெனியில் கொடுத்த டைரி ஒன்றில் இலக்குகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்: ஏஜெண்டுக்குக் கட்டிய வட்டிக்கடன், தங்கை கல்யாணம், மனைவியின் அடகு நகை, ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு, ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு, மகளை என்ஜினீயரிங் சேர்ப்பது. ஒவ்வொன்றாக டிக் அடித்து, போன வருடம் கடைசி டிக்கையும் அடித்துவிட்டார். மகள் இப்போது இரண்டாம் வருடம், மகன் பிளஸ் டூ.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற இரண்டு மாத லீவில் இப்போது ஊரில் இருக்கிறார். வந்து மூன்று வாரம் ஆகிறது. "ஊர்ல எல்லாரும் ஜெயிச்சுட்டேங்கிறாங்க. வீட்டுக்குள்ள நான் யாருன்னே எனக்குத் தெரியலை" என்று எழுதுகிறார். பக்கத்திலேயே இவர் உட்கார்ந்திருக்க, டியூஷன் ஃபீஸை மகன் அம்மாவிடம் கேட்கிறான். சிலிண்டர் புக்கிங், கரண்ட் பில், ரேஷன் எல்லாம் மனைவியின் போனில். ஏதாவது செய்யப் போனால் "நீங்க இருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்கிறார் மனைவி. மகனுக்குக் காலை ஐந்து மணியிலிருந்து டைம்டேபிள் போட்டு இவர் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். மறுநாளிலிருந்து பையன் படிக்க நண்பன் வீட்டுக்குப் போய்விடுகிறான். எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்து வீட்டு அம்மாளிடம் மனைவி "அவங்க போனதும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்" என்று சொன்னது காதில் விழுந்து, அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

அவர் முன்னால் மூன்று வழி இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு 50 பவுன், மகன் படிப்பு என்று புதுப் பட்டியல் போட்டு இன்னும் ஐந்து வருடம் போய்விட்டு வருவது. அல்லது மச்சானோடு கூட்டுச் சேர்ந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் சூப்பர் மார்க்கெட் வைப்பது, இவர் பங்கு 18 லட்சம். அல்லது வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே இருந்துவிடுவது. ஆனால் தானாக ரிசைன் செய்தால் கிராஜுவிட்டியை (வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை) வெட்டிவிடுவார்கள் என்று ரூமில் இருப்பவர்கள் சொல்கிறார்களாம். மனைவியிடம் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறார். "நான் ஜெயித்தவனா, தோற்றவனா, என்ன செய்யட்டும்?" என்று கடிதம் முடிகிறது.

இனி உங்களிடமே பேசுகிறேன், சகோதரா.

ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதை முதலில் முடித்துவிடலாம். வட்டிக்கு வாங்கிப் போனவர் கடனை அடைத்து, வீடு கட்டி, தோப்பு வாங்கி, பெண்ணை என்ஜினீயரிங் வரை கொண்டுவந்திருக்கிறீர்கள். உங்களோடு அதே வருடம் போனவர்களில் எத்தனை பேருக்கு இது கூடியது என்பது உங்களுக்கே தெரியும். அதை யாரும் குறைக்க முடியாது, நீங்களும் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த டைரியில் இருப்பதையெல்லாம் இன்னொரு தடவை பாருங்கள். எல்லாமே அங்கிருந்து பணம் அனுப்பினால் நடந்துவிடக்கூடிய காரியங்கள். உழைப்பு உங்களுடையது, கணக்கு உங்களுடையது, டிக்கும் நீங்களே அடித்துக்கொண்டீர்கள். இப்போது நீங்கள் கேட்பது வேறு. மகன் உங்களிடம் ஃபீஸ் கேட்க வேண்டும், மனைவி ஒரு வேலையை யோசிக்கும்போது அதில் நீங்களும் இருக்க வேண்டும் என்கிறீர்கள். இது இன்னொருவர் மனதில் நடக்க வேண்டியது. இதை இலக்காக எழுதித் தேதி போட முடியாது, மூன்று வாரத்தில் நடக்கவில்லை என்று ஃபெயில் மார்க்கும் போட முடியாது. நீங்கள் ஊரில் இருந்த லீவுகளையெல்லாம் கூட்டினால் இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒன்றரை வருடம்கூட வராது, 2020-ல் கொரோனாவால் ஒரு லீவு அப்படியே போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழகுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை அதை வைத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் இல்லாததைக் கவனித்தேன். சம்பளம், தோப்பு விலை, சூப்பர் மார்க்கெட் முதலீடு, 50 பவுன் என்று எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவு எவ்வளவு என்பது எங்கேயும் இல்லை. ஒருவேளை உங்களுக்கே தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம். அதேபோல நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் மனைவி சொன்னதாக மூன்று வாக்கியம் இருக்கிறது. அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

அந்த "உங்க இஷ்டம்" உங்களை ரொம்பக் காயப்படுத்தியிருக்கிறது, அக்கறை இல்லாமல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். "போங்க" என்று சொன்னால் புருஷனை விரட்டுகிறவள் ஆகிவிடுவார். "இருங்க" என்று சொல்லி, நாளைக்குக் கையில் காசு முடை வந்தால், "நீதானே இருக்கச் சொன்னே" என்று ஒரு வார்த்தை வரும்; நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் வீட்டார் சொல்வார்கள். சூப்பர் மார்க்கெட் விஷயமோ இன்னும் மோசம். கேட்பது அவருடைய சொந்த அண்ணன். வேண்டாமென்றால் பிறந்த வீட்டில் பகை, சரியென்று சொல்லி நஷ்டம் வந்தால் புகுந்த வீட்டில் தலை நிமிர முடியாது. எந்தப் பதில் சொன்னாலும் அவர் தலையில்தான் விடியும் என்கிற கேள்வியை நடுவீட்டில் வைத்து, மாமனார் மாமியார் காதுபட, சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும்போது கேட்டிருக்கிறீர்கள். வேறென்ன சொல்வார்?

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் அதைப் படித்தபோது ஒரு நிமிடம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்) வீட்டுப் பெண்கள் பலரிடம் பேசியதில் ஒன்று தெரிகிறது: கணவர் லீவில் இருக்கும்போது வீட்டில் தூசி, கொத்தனார், சாமான் இடமாற்றம் எதுவும் கூடாது, அந்த அறுபது நாளும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும், வாய்க்கு ருசியாகச் சமைக்க வேண்டும் என்று எல்லாப் பெரிய வேலையையும் தள்ளி வைத்திருப்பார்கள். உங்கள் மனைவியும் அப்படி நினைத்துத்தான் சொன்னார் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஒட்டுக்கேட்டதை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்குப் பதில், "பெயிண்ட் அடிக்கணும்னியே, நான் இருக்கும்போதே அடிச்சிடலாமா, எந்தக் கலர் நினைச்சிருக்கே?" என்று கேட்டுவிடலாம். என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.

2018 நவம்பர் 16 உங்கள் ஊரில் யாருக்கும் மறக்காது. கஜா புயல் அடித்து உங்கள் தோப்பில் பாதி மரம் சாய்ந்தது, பல வாரம் கரண்ட் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே போனில் வீடியோ பார்த்துக்கொண்டு துடித்தீர்கள், அது உண்மை. இங்கே சாய்ந்த மரத்தை ஆள் பிடித்து அறுத்து அகற்றியது, கணக்கெடுக்க வந்தவர்களிடம் பட்டா சிட்டாவைக் காட்டி நிவாரணத்துக்கு எழுதி வாங்கியது, தண்ணீருக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தது எல்லாம் யார்? மகளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் எத்தனை நடை என்று கேட்டிருக்கிறீர்களா? அந்தச் சலுகையில் குறைகிற கட்டணமும் உங்கள் டைரிக் கணக்கில் சேர வேண்டியதுதான். இந்த வீட்டை இத்தனை வருடமாக ஒருவர் நிர்வாகம் செய்துகொண்டிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கிற லைனில் புதிதாக ஒரு லோடு சேர்ப்பதென்றால் ஏற்கெனவே எதெது எதில் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதானே கை வைப்பீர்கள்? வந்த மூன்றாம் நாளே டைம்டேபிள் ஒட்டிவிட்டீர்கள்.

மகன் மரியாதை இல்லாமல் நடக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. எதிர்த்துப் பேசவில்லை, டைம்டேபிளைக் கிழிக்கவில்லை, சத்தமில்லாமல் நண்பன் வீட்டுக்குப் போய்ப் படிக்கிறான். பிளஸ் டூ வருடத்தில் இதைவிட மரியாதையாக ஒரு பதினேழு வயதுப் பையன் எப்படி மறுப்பான்? அம்மாவிடம் ஃபீஸ் கேட்பதும் உங்களை ஒதுக்குவதற்காக இல்லை. பணம் அம்மாவிடம்தான் இருக்கும் என்பது அவன் பிறந்ததிலிருந்து பார்த்தது. அவனிடம் படிப்பைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். வீட்டில் ஏதாவது வயரிங் வேலை இருந்தால் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், டெஸ்டரைக் கையில் கொடுங்கள், நீங்கள் டூல்ஸைப் பிடியுங்கள் அவன் வேலை செய்யட்டும். நாற்பது பேரை வேலை வாங்குகிற அப்பாவை அவன் ஒரு நாளும் வேலையில் பார்த்ததே இல்லை.

கிராஜுவிட்டி: ரூமில் சொல்வதை நம்ப வேண்டாம்

இது பழைய சட்டத்திலிருந்து வந்த பயம். முன்பு தானாக வேலையை விடுபவர்களுக்கு, சில ஒப்பந்தங்களில் முதல் ஐந்து வருடத்துக்குள் விட்டால், கிராஜுவிட்டி குறையும் அல்லது கிடைக்காமலே போகும். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் வேலைக்கான புதுத் தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு வருடம் முடித்த முழுநேரத் தொழிலாளி தானாக விட்டாலும் கம்பெனி நிறுத்தினாலும் கணக்கு ஒன்றுதான். முதல் ஐந்து வருடத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். மொத்தம் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

உங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். 2,700-ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 90 திர்ஹாம். 17 வருடத்துக்கு 105 நாளும் 360 நாளும் சேர்த்து 465 நாள். 41,850 திர்ஹாம் வருகிறது. திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்தாலே ஒன்பதரை லட்சத்துக்கு மேல். சம்பளமில்லா லீவு எடுத்த நாட்கள் இதில் கழியும். கம்பெனிக்கு ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் பிடிக்கலாம். வேலை முடிந்த 14 நாளுக்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதும் சட்டம். தராமல் இழுத்தால் அங்குள்ள மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம், அதற்காகப் பணம் கட்டி யாரையும் பிடிக்கத் தேவையில்லை. முதல் கம்பெனியின் இரண்டு வருடக் கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள், அது இதில் சேராது.

மச்சானின் கடை

மச்சானோடு கூட்டு வியாபாரம் என்று படித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும், மச்சான்கள் மன்னிக்க வேண்டும். உங்கள் மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். உங்களுக்குக் கடை தெரியாது. அவருக்கும் மளிகை அனுபவம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. வாடகை யார் பேரில், ஜி.எஸ்.டி யார் பேரில், சரக்கு எடுக்கிற பில் யார் கையில், மாதம் யாருக்குச் சம்பளம், ஒருவர் விலகினால் எப்படிப் பிரிப்பது, இதில் ஒன்றுக்காவது எழுத்தில் பதில் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் பங்குதாரர் ஆகப் போவதில்லை, 18 லட்சத்தைக் கைமாற்றாகக் கொடுக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான். லீவு முடிவதற்குள் பதில் வேண்டும் என்று அவர் நெருக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். "இந்த வருடம் இல்லை" என்று நீங்களே சொல்லுங்கள். மனைவி பேரைச் சொல்லி மறுக்காதீர்கள், அவர் அதைக் காலத்துக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டி வரும்.

உங்களிடம் கைத்தொழில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எதற்காகக் கல்லாவில் உட்கார வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மின் ஒப்பந்த வேலையை இங்கே முறையாக எடுத்துச் செய்ய மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழும் உரிமமும் வேண்டும். அமீரகத்து ஃபோர்மேன் அனுபவத்தை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள், உங்கள் ஐ.டி.ஐ சான்றிதழுக்கு எது கிடைக்கும், எதற்குத் தேர்வு எழுத வேண்டும் என்று இந்த லீவிலேயே விசாரித்துவிடுங்கள். கூரை மேல் சோலார் போடுகிற வேலையையும் பாருங்கள். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். உடனே கம்பெனி ஆரம்பிக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவரோடு ஒரு மாதம் போய் நின்று பாருங்கள், சம்பளம் தந்தாலும் தராவிட்டாலும்.

மறுபடி போவதென்றால்

போவது தப்பில்லை. உங்களை "இங்கேயே இருந்து பாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி அனுப்பிவிடுவது எனக்குச் சுலபம், மாதம் முடிந்தால் சம்பளம் வர வேண்டியது உங்களுக்குத்தானே. ஆனால் எதற்குப் போகிறீர்கள் என்பதை வீட்டோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். மகன் படிப்பு சரி, அது தேவை. அந்த 50 பவுனை யார் கேட்டார்கள்? பெண் இரண்டாம் வருடம்தான் படிக்கிறாள், வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று உங்கள் கடிதத்திலேயே வருகிறது. பவுன் விலை போகிற போக்கில் நீங்கள் ஐந்து வருடம் துரத்தினால் அது ஆறாவது வருடத்துக்கு ஓடும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக் கொடுப்பதென்றால் 1961-லிருந்தே கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். நீங்களாக ஆசைப்பட்டு மகளுக்குப் போடுவது வேறு. எவ்வளவு, எப்போது என்று அவளையே கேளுங்கள். நகைக்குப் பதில் மேற்படிப்புக்குக் கேட்டாலும் கேட்பாள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை நீங்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. லீவைச் சம்பளமில்லாமல் இன்னும் இரண்டு மாதம் நீட்டித் தர முடியுமா என்று கம்பெனியில் கேளுங்கள். 17 வருட ஆள், மரியாதையாகக் கேட்டால் தரக்கூடும். மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் ரெசிடென்ஸ் விசா பொதுவாகச் செல்லாமல் போய்விடும், ஆகவே அதற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். லீவுக்காரர் என்கிற தோரணையை விட்டுவிட்டு, பிரியாணியும் விருந்தும் ஓய்ந்த பிறகு, சாதாரண நாட்களில் இந்த வீட்டில் இருப்பது எப்படி இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிய வேண்டும், அவர்களுக்கும் தெரிய வேண்டும். உங்களோடு இருப்பது அவர்களுக்கும் புதுசு. அந்த இரண்டு மாதமும் சம்பளம் வராது என்பதால் வீடு எவ்வளவில் ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடும். கம்பெனி மறுத்துவிட்டால் பெரிய நஷ்டமில்லை, போய் ஒரு வருடம் வேலை செய்துகொண்டே தேதி வைத்துத் திரும்பலாம். ஐந்து வருடம் என்று மட்டும் மொத்தமாகச் சொல்லாதீர்கள்.

எப்போது திரும்பினாலும் செய்ய வேண்டிய சில வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாகத் திரும்பியதும் என்.ஆர்.இ கணக்கை (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்கு) உள்ளூர்க் கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த வட்டிக்கு இருந்த வரி விலக்கும் அதோடு போய்விடும், நிரந்தர வைப்பு இருந்தால் ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கம்பெனி இன்சூரன்ஸ் வேலையோடு முடிந்துவிடும். உங்களுக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இப்போதே எடுங்கள், சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம். நீங்கள் அங்கே சம்பாதித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காலம் ஓடிவிடுவது நல்லது.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "அப்பா பேரில் வாங்கிய தோப்பு" என்று. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பணம் உங்களுடையது என்பது ஊருக்கே தெரியும், ஆனால் பத்திரத்தில் அப்பா பெயர்தான். அப்பா காலத்துக்குப் பிறகு அது எல்லா வாரிசுகளுக்கும் உரியது, தங்கைக்கும் சேர்த்து. இப்போது அண்ணன் தங்கை நன்றாக இருக்கிறீர்கள், நல்லது. நன்றாக இருக்கும்போதே பேசிவிடுவதுதான் சுலபம். அப்பாவுக்குச் சம்மதமென்றால் உங்கள் பேருக்குச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதலாம். குடும்பத்துக்குள் என்பதால் கிரயப் பத்திரத்தைவிடச் செலவு மிகக் குறைவு. ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், தங்கைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள்.

உங்களைப் பற்றி

தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "சில நாள் நான் எதுக்குன்னு தோணுது" என்று எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் பழகாத சோர்வாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. 14416 என்கிற அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் தாமதிக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள், மனைவியிடமும் சொல்லுங்கள். அவர் கஜாவையே பார்த்தவர், இதைத் தாங்குவார்.

இனி இந்த வாரம் செய்ய வேண்டியது. மனைவியை ஒரு நாள் தனியாக வெளியே அழைத்துக்கொண்டு போங்கள். தோப்புக்கே போகலாம், அங்கே யாரும் காது கொடுக்க மாட்டார்கள். போவதா இருப்பதா என்று கேட்காதீர்கள். மாதச் செலவு எவ்வளவு ஆகிறது, நான் அனுப்புவதில் எதெது எங்கே போகிறது, எனக்குச் சொல்லிக்கொடு என்று கேளுங்கள். அப்புறம், வீட்டு வேலையில் எந்த ஒன்றை நான் எடுத்துக்கொண்டால் உனக்குச் சுமை குறையும் என்று கேட்டு, அவர் சொல்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ரேஷனோ, உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதோ, எதுவானாலும். அதை உங்கள் முறைப்படி மாற்றி அமைக்க வேண்டாம், அவர் செய்கிற மாதிரியே செய்யுங்கள். அண்ணன் கடையைப் பற்றி அவராகப் பேச ஆரம்பித்தால் குறுக்கே எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்கு எதை எழுதினாலும், லீவு நீட்டிப்போ ராஜினாமாவோ, மெயிலில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக மேனேஜருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ராஜினாமா என்றால் உங்கள் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள், 30 நாளிலிருந்து 90 நாள் வரை இருக்கலாம். அந்த நோட்டீஸைக் கொடுக்காமல் வேலையை விட்டால் அவ்வளவு நாள் சம்பளத்தை அவர்கள் உங்களிடம் கேட்கலாம்.